வருங்காலத்தை விற்ற கம்பெனி

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகும் நம்மவர்களுடைய பேனாவில் முதலில் வந்து நிற்பது ஹென்றி ஃபோர்டின் பெயர்தான். ஒரே மாதிரியான வண்டியை லட்சக்கணக்கில் செய்து, விலையை ஆண்டுக்காண்டு குறைத்து, சாதாரணக் குடியானவனுக்கும் எட்டும்படி செய்தவர் என்ற கீர்த்தி அவருக்கு உரியதே. ஆயினும், அந்த ஃபோர்டை அவருடைய வாழ்நாளிலேயே இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, 1931 முதல் 2007 வரை உலகத்திலேயே மிகுதியான வண்டிகளை விற்ற ஸ்தாபனமாக விளங்கி, பின்னர் 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று நியூயார்க் நகரத்து நீதிமன்றத்தில் திவால் மனுவுடன் போய் நின்ற ஜெனரல் மோட்டார்ஸின் வரலாற்றை ஆராய்வோருக்கு, எந்திரத்தைக் காட்டிலும் கணக்குப் புத்தகமே பெரிய சாட்சியாகக் கிடைக்கிறது. அந்தச் சாட்சியத்தைக் கேட்ட பின் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இது: இந்தக் கம்பெனி வண்டியை விற்றதோடு வருங்காலத்தையும் விற்றது. வாங்குகிறவனிடம் அவனுடைய நாளைய சம்பளத்தை இன்றே பெற்றுக்கொண்டது. உழைக்கிறவனிடம் தன்னுடைய நாளைய லாபத்தை இன்றே எழுதிக் கொடுத்தது. முதல் வியாபாரத்தால் வளர்ந்து இரண்டாவதால் விழுந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். பலர் அப்படித்தான் சொல்லுகிறார்கள். ஆனால் விஷயம் அவ்வளவு நேரானதன்று.

கம்பெனியைத் தோற்றுவித்த வில்லியம் டியூரன்ட் எந்திர ஞானம் படைத்தவர் அல்லர். மிச்சிகன் மாகாணத்தில் கவர்னராக இருந்தவர் ஒருவரின் பேரனாக ஃப்ளின்ட் என்ற சிற்றூரில் வளர்ந்து, 1886ஆம் வருஷம் ஒரு இரு சக்கரக் குதிரை வண்டியின் உரிமையைக் கடன் வாங்கிய பணத்தில் 1,500 டாலருக்கு வாங்கி, டாலஸ் டார்ட் என்ற நண்பருடன் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கிய அவர், பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் மிகப் பெரிய குதிரை வண்டி உற்பத்தியாளர்களுள் ஒருவராகிவிட்டார். 1904இல் நொடித்துக் கிடந்த பியூக் மோட்டார் கம்பெனியை ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் நியூயார்க் கண்காட்சிக்குப் போன அவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பியூக் வண்டிகளுக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு திரும்பினார். அதுவரை அந்தக் கம்பெனி செய்து முடித்திருந்த வண்டிகள் ஐம்பதைக்கூட எட்டவில்லை! இல்லாத பண்டத்தை விற்றுவிட்டு, விற்ற பின் அதைச் செய்வதற்கு வழி தேடுவதே அவருடைய சுபாவம். கம்பெனியின் ஜாதகமும் அந்தக் கண்காட்சியிலேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

(பியூக் என்ற பெயருக்கு உரிய டேவிட் பியூக், வார்ப்பிரும்புக் குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் முறையைக் கண்டறிந்தவர். தொழிலில் தொடர்ந்திருந்தால் செல்வந்தராகவே இருந்திருப்பார். மோட்டார் ஆசையால் அதை விட்டுவிட்டு வந்து, கம்பெனியிலிருந்தும் விலகி, 1929இல் வறுமையில் மாண்டார். அவர் பெயரைத் தாங்கிய வண்டிகள் இன்றும் விற்கின்றன.)

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி நியூஜெர்சி மாகாணத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பதிவாயிற்று. அதன்பின் இரண்டே ஆண்டுகளில் ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக், ஓக்லண்ட் என்று இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை, ரொக்கத்தைக் குறைத்தும் பங்குப் பத்திரத்தைப் பெருக்கியும் டியூரன்ட் வாங்கிச் சேர்த்தார். வாங்கியவற்றில் மாணிக்கமும் உண்டு, கூழாங்கல்லும் உண்டு. விளக்குத் தொழிற்சாலை ஒன்றை அதன் காப்புரிமைக்காகப் பெருந்தொகை கொடுத்து வாங்க, அந்தக் காப்புரிமையே மோசடி என்று பிற்பாடு தெரிய வந்தது. ஃபோர்டு கம்பெனியையே 1909இல் விலை பேசினார்; ஃபோர்டு 80 லட்சம் டாலர் கேட்டார்; பாங்குக்காரர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1910இல் பணமுடை முற்றி, நிர்வாகம் முழுவதும் பாங்குக்காரர்களின் வசமே போயிற்று. வேறொருவராயிருந்தால் கிடைத்ததைக் கொண்டு ஒதுங்கியிருப்பார். டியூரன்டோ லூயி செவர்லே என்ற சுவிட்சர்லாந்துப் பந்தய வீரருடன் 1911இல் செவர்லே கம்பெனியைத் தொடங்கி, அதன் பங்குகளைக் கொடுத்து ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளைச் சிறுகச் சிறுக மாற்றி வாங்கி, 1916இல் தாய்க் கம்பெனியின் சிம்மாசனத்தில் மறுபடியும் ஏறி அமர்ந்தார். வெடிமருந்து வியாபாரத்தால் முதல் உலக யுத்தத்தில் பெரும் பொருள் ஈட்டிய டூ பாண்ட் குடும்பம், தன் செல்வத்தில் இரண்டரைக் கோடி டாலரை இந்தக் கம்பெனியில் கொண்டுவந்து கொட்டியது. 1920இல் சந்தை சரிந்தது. பங்கு விலையைத் தனி ஒருவராகத் தாங்கிப் பிடிக்க எண்ணிக் கடன்மேல் கடன் வாங்கிய டியூரன்ட், இரண்டு கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனில் மூழ்கி, அந்த ஆண்டு நவம்பரில் இரண்டாம் முறையாக, இம்முறை நிரந்தரமாக, வெளியேறினார். கடைசிக் காலத்தில் ஃப்ளின்டில் பந்து உருட்டும் விளையாட்டுக் கூடம் ஒன்றை நடத்தியவர், 1947 மார்ச்சில் காலமானார். அடுத்த மாதம் ஃபோர்டும் காலமானார்.

டியூரன்டுக்குப் பின் வந்த ஆல்ஃப்ரெட் ஸ்லோன் அவருக்கு நேர் எதிரான மனிதர். மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரப் பொறியியல் கற்றவர். பேரிங் கம்பெனி ஒன்றை நடத்தி அதை டியூரன்டுக்கு விற்று, அதோடு தாமும் வந்து சேர்ந்தவர். ஒவ்வொரு வண்டிப் பிரிவுக்கும் தனி அதிகாரி, அவருக்குத் தன் பிரிவில் முழுச் சுதந்திரம், ஆனால் பணம், கணக்கு, பொதுக் கொள்கை ஆகியவை தலைமை அலுவலகத்தின் கையில் என்ற அவருடைய நிர்வாகத் திட்டம், பிற்காலத்தில் உலகமெங்கும் வியாபாரக் கல்லூரிகளில் பாடமாயிற்று. 1923இல் தலைவரான அவர், மறு ஆண்டு நாட்டின் மேற்குப் பகுதிகளில் சுற்றுப் பயணம் செய்தபோது, விற்பனையாளர்களின் முற்றங்களில் விலைபோகாத வண்டிகள் நிறைந்து கிடப்பதை நேரில் கண்டு, எத்தனை வண்டி உண்மையில் விற்றது என்ற கணக்கைப் பத்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு விற்பனையாளரும் அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நாளைய விற்பனையை இன்றைய தாளில் காண்பதற்கு வழி பிறந்தது. டியூரன்டின் சூதாட்டத்தை ஸ்லோன் ஒழித்துவிட்டார் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அவர் அதைச் சாஸ்திரமாக்கினார் என்பதே பொருத்தமாக எனக்குப் படுகிறது.

அந்தச் சாஸ்திரத்தின் முதல் கருவி ஸ்லோன் தலைவராவதற்கு முன்பே, 1919இல், டூ பாண்ட் குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய ஜான் ராஸ்கோபின் யோசனையால் பிறந்திருந்தது. அந்நாள்வரையில் வண்டி வாங்குவோர் பெரும்பாலும் முழு ரொக்கம் கொடுத்தே வாங்கினார்கள். விற்பனையாளர்களும் தொழிற்சாலைக்கு ரொக்கம் கொடுத்தே வண்டியை இறக்கினார்கள். மோட்டார் வண்டிக்குக் கடன் கொடுப்பது ஊதாரித்தனத்துக்குத் துணைபோவதாகும் என்று கருதிய பாங்குகள் பல. ஜெனரல் மோட்டார்ஸ் தானே ஒரு கடன் ஸ்தாபனத்தைத் தொடங்கி, குளிர்காலத்தில் விற்பனையாளர் வண்டிகளை வாங்கி இருப்பில் வைக்கவும், வாங்குவோர் மூன்றில் ஒரு பங்கு விலையைக் கொடுத்து மிச்சத்தை ஓராண்டுத் தவணையில் செலுத்தவும் வழி செய்தது. கடனையே பாவமென எண்ணிய ஃபோர்டு, 1923இல் இதற்குப் போட்டியாக ஒரு வாரச் சேமிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார். நம் ஊர் நகைக் கடைச் சீட்டைப் போல வாராவாரம் ஐந்து டாலர் கட்டிக்கொண்டு வந்து, விலை நிரம்பிய பின் வண்டியை ஓட்டிச் செல்லவேண்டும். ஒரே வீதியில் ஒருவன் முதலில் வண்டியில் ஏறிப் பிறகு பணம் கட்ட, மற்றொருவன் பணம் கட்டிக்கொண்டே நடந்து போவது எத்தனை நாளைக்கு நடக்கும்? ஃபோர்டின் திட்டம் படுத்துவிட்டது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் விற்ற புது வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று தவணையிலேயே விற்றன. கடன் வாங்கி அனுபவிப்பது ஒழுக்கக்கேடா என்ற கேள்வி எழுந்தபோது, கொலம்பியா சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் செலிக்மனைக் கொண்டு கம்பெனி தன் செலவில் ஆராய்ச்சி செய்வித்து, 1927இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அது வெளிவந்தது. தவணைக் கடன் குடிமகனை நன்றாக உழைக்கத் தூண்டுகிறது என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. செலவு செய்தவரின் மனம் குளிர்ந்திருக்கும்.

தவணையில் வாங்கிய வண்டி ஓராண்டில் சொந்தமாகிவிடுகிறது. அதன்பின் வாங்கினவனை மறுபடி கடைக்கு வரவழைப்பது எப்படி? வண்டி இல்லாத குடும்பங்கள் குறைந்துகொண்டு வந்த காலம் அது. இதற்கு விடையாகத்தான் ஆண்டுதோறும் மாறும் வடிவம் என்ற ஏற்பாடு படிப்படியாக உருவாயிற்று. 1914 முதல் பதினோர் ஆண்டுகள் ஃபோர்டின் வண்டி கறுப்பு ஒன்றையே உடுத்திக்கொண்டிருக்க, டூ பாண்ட் ரசாயனச் சாலையில் பிறந்த விரைவில் உலரும் டியூகோ வர்ணம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு நீலமும் பச்சையும் அளித்தது. ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு வண்டிக் கூடு கட்டிக் கொடுத்துவந்த ஹார்லி ஏர்ல் என்ற இளைஞரை வரவழைத்து, 1927இல் அழகுக்கென்றே ஒரு தனி இலாகாவை ஸ்லோன் ஏற்படுத்தினார். அதே ஆண்டு, ஒன்றரைக் கோடி வண்டிகளைக் கண்ட தம்முடைய டி மாடலை ஃபோர்டு கைவிட்டார். செவர்லே அவரை முந்திக்கொண்டது. கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலைத் தலைவரும், 1912 காடிலாக்கில் கையால் சுழற்றாமலே எந்திரத்தைக் கிளப்பும் சாதனத்தைப் பொருத்தியவருமான சார்லஸ் கெட்டரிங், வாடிக்கையாளரைத் திருப்தியற்றவராகவே வைத்திருக்கவேண்டும் என்று 1929இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையே எழுதினார். இத்தனை வெளிப்படையாக எழுதும் துணிவு இன்றைய விளம்பரக்காரர்களுக்கு இல்லை.

ஆண்டு மாதிரியின் விலையை முதலில் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. புதிய வடிவத்துக்கேற்ப அச்சுகளையும் எந்திரங்களையும் மாற்றுவதற்காகத் தொழிற்சாலை ஒவ்வோர் ஆண்டும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மூடப்பட, அத்தனை காலமும் கூலியில்லை. திறக்கும்போது யாரைத் திரும்ப அழைப்பது என்பது மேஸ்திரியின் தயவு. மணிக்கூலி பிற தொழில்களைவிட உயர்வாயிருந்தும் ஆண்டு வருமானம் நிலையற்றதாயிருந்ததன் காரணம் இது. அத்துடன் வேகத்தை ஓயாமல் கூட்டும் வழக்கமும், 1934 முதல் இரண்டரை ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் துப்பறிவோருக்காகச் செலவிடப்பட்டது என்று செனட் விசாரணையில் வெளியான வேவு ஏற்பாடும் சேர்ந்துகொள்ள, 1936 டிசம்பர் 30ஆம் தேதி ஃப்ளின்டில் கம்பெனியின் ஃபிஷர் பாடி தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, வெளியேறாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே விலை மதிப்புள்ள அச்சுகள் இருந்தமையால் பலாத்காரத்துக்குக் கம்பெனி தயங்கியது. ஜனவரி 11ஆம் தேதி போலீசார் கண்ணீர்ப் புகை வீச, உள்ளிருந்தவர்கள் கதவுக் கீல்களை எறிந்தும் குழாய் நீரைப் பீய்ச்சியும் அவர்களை விரட்டினார்கள். கவர்னர் ஃபிராங்க் மர்ஃபி மாகாணப் படையை அழைத்தாரே தவிர, தொழிலாளரை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்துவிட்டார். போராட்டத்தின் 44ஆம் நாளான பிப்ரவரி 11ஆம் தேதி, தொழிலாளர் சங்கத்தைக் கம்பெனி அங்கீகரித்தது. உலகத்தின் மிகப் பெரிய உற்பத்தி ஸ்தாபனம் தன் தொழிலாளர்களோடு செய்துகொண்ட அந்த முதல் உடன்படிக்கை ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் மூண்ட போராட்டமே, என் கருத்தில், இக்கதையின் உண்மையான திருப்பம். 1945 நவம்பரில் தொடங்கி 113 நாள் நடந்த அந்த வேலை நிறுத்தத்தில் சங்கத் தலைவர்களுள் ஒருவரான வால்டர் ராய்தர், கூலியை 30 சதவீதம் உயர்த்தவேண்டும், ஆனால் வண்டியின் விலையை உயர்த்தக் கூடாது, முடியாதென்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டவேண்டும் என்று கேட்டார். கம்பெனி கூலியைப் பற்றிப் பேசத் தயாராயிருந்தது. புத்தகத்தைத் திறக்கத் தயாராயில்லை. விலையும் முதலீடும் நிர்வாகத்தின் தனி உரிமை என்பதில் அது அசையவேயில்லை. இந்த உரிமையை விலை கொடுத்து என்றென்றைக்கும் வாங்கிவிடும் வழியைக் கண்டவர் கம்பெனித் தலைவர் சார்லஸ் வில்சன். 1948இல் வாழ்க்கைச் செலவு ஏறினால் கூலியும் தானாக ஏறும் என்ற ஏற்பாட்டையும், 1950 மே மாதம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஓய்வூதியத்தையும் மருத்துவ இன்ஷூரன்ஸில் பாதிச் செலவையும் அவர் கொடுத்தார். ‘டெட்ராய்ட் உடன்படிக்கை’ என்று ஒரு பத்திரிகை இதற்கு யுத்த சமாதானத்துக்குரிய பெயரைச் சூட்டியது. தொழிலாளருக்கு முதுமையில் சோறும் மருந்தும், கம்பெனிக்கு ஐந்தாண்டு அமைதி. முதுமையும் நோயும் தேசம் முழுவதற்கும் உரிய பாரங்கள், அரசாங்கமே அவற்றை ஏற்கவேண்டும் என்பதுதான் ராய்தரின் மூலக் கொள்கை. கம்பெனிகள் இந்தச் சுமையைத் தாங்கமாட்டாமல் தாமே அரசாங்கத்திடம் போய் நிற்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அவை போகவில்லை. சந்தையில் பாதி கையில் இருந்த காலத்தில், முப்பதாண்டு கழித்து வரவிருக்கும் செலவு யாருக்குக் கனமாகத் தோன்றும்?

கம்பெனியின் உச்சி வெயில் அடுத்த பத்தாண்டில். 1955இல் 100 கோடி டாலருக்கு மேல் ஆண்டு லாபம் கண்ட முதல் அமெரிக்கக் கம்பெனி இதுவே. இங்கிலாந்தில் வாக்ஸால், ஜெர்மனியில் ஓப்பல், ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் என்று அதன் கிளைகள் யுத்தத்துக்கு முன்பே பரவியிருந்தன. இந்தியாவில் மோட்டார் வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கும் தொழிற்சாலையை 1928இல் பம்பாயில் திறந்து, உள்நாட்டு உற்பத்தியை வற்புறுத்திய சர்க்கார் கொள்கை காரணமாக 1954இல் மூடிக்கொண்டு போனதும் இந்தக் கம்பெனிதான். கொர்வேர் என்ற அதன் சிறு வண்டியின் அபாயத்தை 1965இல் நூலாக எழுதிய ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞரின் பின்னால் துப்பறிவோரை அனுப்பி, மறு ஆண்டு செனட் குழுவின் முன் கம்பெனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1930களில் தொழிலாளர்களை வேவு பார்த்த வழக்கம் அத்தனை நாளாகியும் விடவில்லை போலும்.

வீழ்ச்சிக்குத் தொழிலாளரின் ஓய்வூதியமே காரணம் என்பாருக்குக் கலிபோர்னியாவிலுள்ள ஃப்ரீமான்ட் தொழிற்சாலை பதில் சொல்லும். ஒழுங்கீனத்துக்குப் பேர்போனது என்று 1982இல் கம்பெனியே மூடிவிட்ட அந்த ஆலையை, 1984இல் ஜப்பானின் டொயோட்டாவுடன் கூட்டாகத் திறந்தார்கள். பெரும்பாலும் பழைய தொழிலாளர்கள், அதே சங்கம். நிர்வாக முறை மட்டும் ஜப்பானியருடையது. குறை கண்டவன் யாராயினும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்ற உரிமையோடு அவர்கள் செய்த வண்டிகள், தரத்தில் ஜப்பானில் செய்தவற்றுக்கு ஏறத்தாழச் சமமாக நின்றன. கண்ணெதிரே நடந்த இந்தப் பாடத்தைத் தன் பிற ஆலைகளுக்குக் கொண்டுபோகக் கம்பெனிக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. அதே ஆண்டுகளில், ரோஜர் ஸ்மித்தின் தலைமையில், ஒரு கணிப்பொறிக் கம்பெனிக்கு 250 கோடி டாலரும், ஒரு விமானக் கருவிக் கம்பெனிக்கு ஏறத்தாழ 500 கோடி டாலரும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாரம் இல்லாமலும் இல்லை. ஓய்வு பெற்றோரின் மருத்துவச் செலவை வருங்காலக் கடனாக இன்றே கணக்கில் காட்டவேண்டும் என்ற புதிய விதி வந்தபோது, 1992ஆம் ஆண்டுக் கணக்கில் கம்பெனி காட்டிய நஷ்டம் 2,350 கோடி டாலர். அதில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரு விதியால் வந்தது. வண்டி எதுவும் அந்த ஆண்டு திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை. நாற்பதாண்டு வாக்குறுதிகளின் மொத்தம் முதன்முறையாகத் தாளில் ஏறியது. உழைப்பவர் தொகை சுருங்கச் சுருங்க, 2000த்துக்குப் பின் ஒரு தொழிலாளிக்கு ஓய்வு பெற்றோர் மூன்று பேருக்கும் மேல் என்றாயிற்று. ஒவ்வொரு வண்டியிலும் மருத்துவச் செலவு மட்டுமே 1,500 டாலர் அளவில் ஏறியது. அந்தச் செலவை அரசாங்கங்களே பெரும்பாலும் ஏற்ற நாடுகளிலிருந்து போட்டியாளர்கள் வந்து நின்றார்கள்.

முதல் வியாபாரமும் சும்மாயிருக்கவில்லை. வண்டிக் கடனுக்காகப் பிறந்த கடன் ஸ்தாபனம் 1985இல் வீட்டுக் கடனில் இறங்கி, வண்டிப் பிரிவு தள்ளாடிய காலங்களில் லாபத்தைத் தாங்கி நின்றது. 2006இல் அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கை ஒரு முதலீட்டுக் குழுவுக்கு விற்றார்கள். 2008இல் அமெரிக்க வீட்டுக் கடன் மாளிகை சரிந்தபோது அந்த ஸ்தாபனமும் சரிந்து, கடன் கிடைக்காமல் வண்டி விற்பனையும் நின்றது. திவால் மனுவில் காட்டிய கடன் 17,280 கோடி டாலர், சொத்து 8,230 கோடி டாலர். வெற்றியைக் கொடுத்த தவணைக் கடனே விழுந்த நாளில் பெரிய கை கொடுத்துத் தள்ளியது என்பதால்தான், வீழ்ச்சியின் பழி முழுவதையும் ஓய்வூதியக்காரர் மேல் சுமத்துவதை நான் ஏற்கவில்லை. 4,950 கோடி டாலர் அரசாங்கப் பணத்தோடு, நாற்பதே நாளில், 2009 ஜூலை 10ஆம் தேதி புதிய கம்பெனி வெளிவந்தது. பாண்டியாக் என்ற அதன் வண்டிப் பிரிவு மறைந்தது, ஓல்ட்ஸ்மொபைல் அதற்கு ஐந்தாண்டு முன்பே மறைந்திருந்தது. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அரசாங்கம் தன் கடைசிப் பங்கை 2013 டிசம்பரில் விற்றபோது பொக்கிஷத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் 1,000 கோடி டாலருக்கும் மேல்.

ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் மருத்துவப் பொறுப்பைச் சங்கத்தின் அறக்கட்டளைக்கு மாற்றுவதென்று 2007இலேயே ஒப்பந்தமாகியிருந்தது. பழைய தொழிலாளர்களுக்கு எழுதிக் கொடுத்த ஓய்வூதியம் திவாலிலும் தப்பிவிட்டது. ஆனால் 2007இன் கடைசியிலிருந்து புதிதாகச் சேர்ந்த தொழிலாளர்களுக்கு, 1950இல் வில்சன் கொடுத்த வகை ஓய்வூதியம் கிடையாது. 2023 செப்டம்பரில் சங்கம் மீண்டும் வேலை நிறுத்தம் செய்தபோது அதைத் திரும்பக் கேட்டார்கள். ஆறு வாரங்களுக்குப் பின் கூலி 25 சதவீதம் உயர்ந்தது, வாழ்க்கைச் செலவுப் படியும் திரும்ப வந்தது. ஓய்வூதியத்தைத் தரக் கம்பெனி சம்மதிக்கவில்லை.